பெரட்டுக்களத்து வெள்ளைத் துணி

டிசம்பர் 2, செவ்வாய்

பட்டியல் ஐந்து மணிக்குப் போயாக வேண்டும். இன்று ஐந்து ஐந்துக்குத்தான் போனது. அதற்குள் இராணுவத் தொடர்புக்கு இங்கே இருக்கும் மேஜர் இரண்டு தரம் கதவடியில் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

டீசல் நானூறு லீற்றர். அரிசி, பருப்பு, ரின் மீன், டோர்ச் பற்றரி, கையுறை, மண்வெட்டிப் பிடி இருபது, சேற்றில் நின்று புண்ணான கால்களுக்குப் பூச மருந்து. ஆட்கள்: இராணுவம் நாற்பத்திரண்டு, தோட்டம் நூற்று அறுபது.

எழுதி வைத்தால்தான் எனக்கே விளங்குகிறது. ஞாயிறு காலை நமுனுகுலைக்கு மேலே மலை சரிந்தது. மண்ணை அள்ளப் போன சிப்பாய்களுக்குப் பின்னால் இன்னொரு சரிவு விழுந்து, அவர்களும் தேயிலைத் தோட்டத்து மக்களோடு சேர்ந்து மேலே அகப்பட்டுக்கொண்டார்கள். அந்த மேல் பிரிவைத் தோட்டத்தில் மேக்கணக்கு என்கிறார்கள். ஆறு லயம், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், ஒரு சின்ன மாதா கோயில், அவ்வளவுதான். கீழேயும் நிலைமை திறம் இல்லை. கொழும்பிலிருந்து பதுளைக்கு லொறி வர ஒரு பாதையும் மிச்சம் இல்லை. ஆகவே கிழக்குக் கடலில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் நிற்கிறது. துறைமுகத்துக்கு வராது. களஞ்சியம், எண்ணெய், வைத்தியர், சமையல் எல்லாம் அதற்குள்ளேயே. நான் அனுப்பும் பட்டியலை இரவோடிரவாகக் கட்டி, விடிய ஹெலியின் அடியில் வலையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, சிப்பாய்களின் கூடாரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பத்து மணிக்குப் பிறகு மலையை முகில் மூடிவிடும். பட்டியலில் விட்டது விட்டதுதான், அடுத்த நாள் வரை பொறுக்க வேண்டும்.

"லீலா மிஸ் கேட்டா கடலே எழும்பி வரும்" என்கிறார் அஸீஸ். என்னோடு இந்தப் பதுளை நிவாரணப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கும் எழுதுவினைஞர். பகிடி விடாமல் அவருக்குப் பேனா ஓடாது.

ஹெலி பதுளைக்கு மேலாகப் போகும்போது நான் தானாகப் பதுங்கப் பார்க்கிறேன். பதினெட்டு வயதில் பருத்தித்துறையில் கடலில் கப்பல் தெரிந்தாலே நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம். கரையில் நின்ற இராணுவத்துக்குச் சாப்பாடும் குண்டும் அங்கிருந்துதான் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் அப்படியொரு கப்பலுக்குப் பருப்பு எத்தனை கிலோ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வருகிறது, அதிகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் "கப்பற்காரி வந்திட்டா" என்றார். கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் குமாரசிங்கம் மாஸ்டர் முதல்முறையாகச் சோறு வைத்திருந்தார். குழைந்து களியாகிப் போயிருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

மேக்கணக்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கதைத்தாள். நேசராணி. கொழுந்து எடுக்கிறவள். தோட்டக் கமிட்டித் தலைவர் ஜொனியிடம் என் இலக்கத்தை வாங்கியிருக்கிறாள்.

அவள் கணவன் பிலிப்பு. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு போனால்தான் உயிர். கடைசியாக வந்தது போன வெள்ளி.

"நேத்து போயிருக்கணுங்க மிஸ். எந்தப் பக்கம் போறது? காலு ரெண்டும் வீங்கிருச்சு. தண்ணி தண்ணின்னு கேக்குறாரு. குடுக்கக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு, துணிய நனைச்சு நாக்குல வைக்கிறேன்."

இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது?

"அது எனக்கு எப்புடிங்க தெரியும்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது, ஞாயிறு தாண்டினால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த வைத்தியர். இளம் குரல். அதுவும் களைத்த குரல்தான்.

பட்டியல் படிவத்தில் மேலே போகும் சாமான்களுக்கு மட்டும்தான் கட்டம். கீழே வர வேண்டிய மனிதருக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்: நோயாளி ஒருவர், இறக்க வேண்டும், மிக அவசரம். ஆறு மணிக்குள் கப்பலிலிருந்து பதில் வந்தது: நடப்பாரா, நிறை எவ்வளவு, மூச்சு எப்படி. கேள்வி கேட்கிறார்கள் என்றால் மாட்டோம் என்று சொல்லவில்லை. அந்த அளவில் சந்தோஷம்.

டிசம்பர் 4, வியாழன்

சம்மதம் வந்துவிட்டது. நாளை காலை எட்டு மணிக்கு.

கயிற்றில் தூக்குவதற்குக் கப்பல் வைத்தியர் ஒப்பவில்லை. நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கும் ஆளை அந்தரத்தில் தொங்கவிட முடியாதாம். ஹெலி தரையில் இறங்க வேண்டும். மேக்கணக்கில் சமதரை என்று சொல்ல இருப்பது பெரட்டுக்களம் ஒன்றுதான், விடிய ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம். சிப்பாய்களின் கூடாரம் அங்கிருந்து இரண்டு மைல் கீழே, சரிவோடு. அவர்கள் மண்ணை விட்டுவிட்டு வர முடியாது. நோயாளியைத் தூக்கிவிட இரண்டு பேரை அனுப்புவதாக மேஜர் சொன்னார். களத்தைத் தோட்டத்து ஆட்கள்தான் ஆயத்தம் செய்ய வேண்டும், அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நான்.

கப்பல் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். ஜொனியைப் பிடிக்க நாலு மணியாகிவிட்டது. முதல் பக்கத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முப்பது மீற்றர் வெளி. மேலே வயர் ஒன்றும் போகக் கூடாது. நடுவில் வெள்ளையில் பெரிய அடையாளம், வானத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்.

"அத நாங்க பாத்துக்கிறோங்க மிஸ். ஒரு கொறையும் வராது" என்றார் ஜொனி. அதோடு தொடர்பு அறுந்தது. மூன்று தரம் எடுத்தேன், கிடைக்கவில்லை. பிறகு பட்டியல். பிறகு டீசல் அளவு பிழை என்று மேஜர் வந்தார். பிறகு தேயிலைச் சாயம் மாதிரி ஏதோ ஒன்றை அஸீஸ் கொண்டுவந்து தேநீர் என்றார்.

இரண்டாம் பக்கத்தை விடிய எழும்பிச் சொல்லலாம். கண் எரிகிறது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் கிடக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி

இறங்கவில்லை. ஹெலி இறங்கவில்லை.

எங்கே தொடங்குவது? ஏழு இருபதுக்கு அலுவலகம் போனேன். நல்ல வெயில். மனம் லேசாக இருந்தது. தேநீர் குடித்தேன். இரண்டாம் பக்கம் மேசையிலேயே, கண்ணுக்கு முன்னால். முதலில் தேநீர், பிறகு ஜொனி — அப்படித்தான் நினைத்தேன். தேநீர் பாதியில் ஹெலி சத்தம். முகில் வெள்ளனக் கட்டும் என்று அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்கள். தொலைபேசியை எடுத்தேன். மேலே ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் களத்தில்.

மிச்சத்தை நேசராணி சொன்னாள்.

விடியுமுன்னே ஜொனியும் ஆட்களும் கோயில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். திருநாளுக்கு மாதா சுரூபம் வரும் பாதையில் விரிக்கிற நிலபாவாடை இருக்கிறதே, அந்த வெள்ளைத் துணி முழுவதையும் எடுத்துக் களத்தின் நடுவில் பெரிய சிலுவையாக விரித்து ஓரத்துக்குக் கல் வைத்திருக்கிறார்கள். போதாததற்குப் பெண்கள் தங்கள் வெள்ளைச் சேலைகளைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு சிப்பாய்கள் ஓடிவந்து கையை ஆட்டிக் கத்தும்போது ஹெலி தலைக்கு மேலே. அந்தக் காற்றுக்குக் கல் என்ன செய்யும்? துணி முழுவதும் கிளம்பிவிட்டது. ஒரு சேலை சுற்றும் தகட்டுக்கு எட்டப் போனதாம். ஓட்டி அப்படியே உயர்த்திக்கொண்டு போய்விட்டார். இயந்திரத்துக்குள் ஏதும் போயிற்றோ என்று கப்பலில் வைத்துப் பார்க்காமல் திரும்பிப் பறக்க முடியாது. ஒன்பதரைக்கு முகில்.

"சுண்ணாம்பு கெடந்துச்சுங்க மிஸ், கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ரெண்டு மூட்டை. ஜொனி அண்ணன்தான், அவ்வளவு தூரம் கடல்லருந்து நமக்காக வர்றவங்கள வெறும் மண்ணுலயா எறக்குறதுன்னு கேட்டாரு. நாங்களும் சரின்னுதான் குடுத்தோம்."

பிலிப்பைக் கதிரையோடு களத்தின் ஓரத்தில் வைத்திருந்தார்களாம். அவர் எல்லாவற்றையும் பார்த்தாராம்.

இரண்டாம் பக்கம், முதல் வரி. துணி, கடதாசி, தகரம், பொலித்தீன் எதுவும் ஐம்பது மீற்றருக்குள் இருக்கக் கூடாது. அடையாளம் சுண்ணாம்பால் மட்டும்.

முதல் வரி. ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது.

டிசம்பர் 6, சனி

முகில். ஹெலி வரவில்லை. நேசராணி மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரமும் "நாளைக்கு" என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்றும் வானம் திறக்கவில்லை. காலை ஆறு மணிக்கு மேஜர் எடுத்து, சிப்பாய்கள் பிலிப்பைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்றார். இரண்டு கம்பு, நடுவே மழைக்குப் போர்த்தும் கம்பளி. ஆறு சிப்பாய்கள், தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர். ஆள் மாற்றி ஆள் தூக்கினாலும் ஜொனி மட்டும் முன்கம்பை ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம். முதல் சரிவைக் கடந்திருக்கிறார்கள். இடுப்பளவு சேறு. இரண்டாவது சரிவுக்கு இப்பால் அம்புலன்ஸ் நின்றது, அதையும் நான்தான் ஒழுங்கு செய்தேன். நானும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.

பதினொரு மணிக்கு இரண்டாவது சரிவின் நடுவில் மூச்சு நின்றுவிட்டது.

நேசராணி இரண்டு மணிக்கு எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சுங்க மிஸ். ஒங்ககிட்ட சொல்லணும்ல. நீங்க எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டீங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவள் அழவில்லை, நானும் அழவில்லை. வெட்கம் கெட்ட சீவன் நான்.

ஐந்து மணிக்குப் பட்டியல் அனுப்பினேன். இராணுவம் நாற்பத்திரண்டு. தோட்டம் நூற்று ஐம்பத்தொன்பது.

டிசம்பர் 8, திங்கள்

டீசல் நானூறு. அரிசி. பருப்பு. சிப்பாய்களுக்குக் காலுறை.

டிசம்பர் 11, வியாழன்

நேற்று கொழும்புப் பாதையை ஒற்றை வழியாகத் திறந்தார்கள். இன்று கப்பல் போய்விட்டது. பட்டியல் இல்லாத முதல் நாள். ஐந்து மணிக்குக் கை பேனாவைத் தேடியது.

அறிக்கை கேட்டார்கள். எத்தனை பறப்பு, எத்தனை தொன், எந்தெந்த நாள் தடைப்பட்டது, ஏன். ஐந்தாம் திகதிக்கு நேரே இப்படி எழுதினேன்: "தரையிறங்கும் இடத்தை ஆயத்தம் செய்த தோட்ட மக்கள் அறிவுறுத்தலைப் பின்பற்றாமையால் விமானம் இறங்க முடியவில்லை."

முப்பது வருட அரசாங்க உத்தியோகம் இப்படி ஒரு வசனம் எழுதவாவது கற்றுத் தந்திருக்கிறது. ஒருவர் பெயரும் இல்லை, பழி மட்டும் இருக்கிறது.

அஸீஸ் வாசித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பக்கமும் சொன்னீங்கதானே மிஸ்?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அறிக்கைக் கோவையில் குறிக்கக் கேட்டார்.

"சொன்னேன்" என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்

இரண்டு நாள் லீவு. காய்ச்சல் இல்லை. காய்ச்சல் என்று சொன்னேன். ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது சுகமாக வருகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

ஜொனி வந்தார். ஆளை முதல்முறை பார்க்கிறேன். குரலை வைத்து நல்ல உயரமான மனிதர் என்று நினைத்திருந்தேன். மெலிந்த ஆள், நாற்பத்தைந்து இருக்கும். தோளில் கம்பு அழுத்திய இடம் இன்னும் கன்றியிருந்தது. மேக்கணக்குக்குக் கூரைத் தகரம் கேட்டுக் கடிதம் கொண்டுவந்திருந்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"ஒரு வாட்டி சொல்லிட்டுப் போறேங்க மிஸ். அந்தப் புத்தி எனக்கு எப்புடி வந்துச்சுன்னே தெரியல. நீங்க வெவரமாத்தான் சொல்லியிருப்பீங்க. நான்தான் சரியா வாங்கிக்கல போல."

கதிரையைக் காட்டி இருங்க என்றேன். இருக்கவில்லை.

"லயத்துல யாரும் எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்குறதில்லைங்க. எம்மக ரொஷானி டீ ஊத்திக்கிட்டுப் போனா, வேணாம்மாங்குறாங்க. நேசராணி பேசுறதே இல்ல. அதுமேல தப்பு சொல்ல முடியாது. புருசன் போயிட்டான். கமிட்டியில இருந்தும் எழுதிக் குடுத்துட்டேன்."

இப்போது சொல், லீலா. இப்போது சொல். அஸீஸ் பக்கத்து மேசையில் இருந்தார். மேஜரின் ஆள் ஒருவர் வாசலில் நின்றார். நான் தகரக் கடிதத்தில் முத்திரை குத்தினேன். பிரதியிலும் குத்தினேன்.

"ரொம்ப நன்றிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 4, ஞாயிறு

இவருக்குச் சொன்னேன். முழுவதும். தேநீர் குடித்ததையும் சொன்னேன்.

வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "இப்ப போய்ச் சொல்லி ஆருக்கு என்ன லாபம்? அந்த மனுசன் திரும்பி வரப்போறாரோ?" என்றார்.

"ஜொனிக்கு" என்றேன்.

பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று நினைவூட்டினார். நினைவு இருக்கிறது என்றேன். பிறகு அவரே எழும்பி என் குடையின் அறுந்த கம்பியை நூலால் கட்டத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை மழையாம்.

ஜனவரி 5, திங்கள்

திருத்தக் கடிதம் கொடுத்தேன். "அறிவுறுத்தலின் இரண்டாம் பக்கம் தோட்ட மக்களுக்கு என்னால் தெரிவிக்கப்படவில்லை." இந்த முறை வசனத்தில் ஆள் இருக்கிறது.

அஸீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும் மிஸ்" என்றார். சறுக்கியது ஆனைதான், நசுங்கியது வேறு ஆட்கள் அல்லவா? அவரிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். இன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

பிலிப்பின் முப்பத்தோராம் நாள்.

பஸ், பிறகு ஆட்டோ, பிறகு இரண்டு சரிவுகளையும் நடந்துதான் கடக்க வேண்டியிருந்தது. சிப்பாய்கள் வெட்டிய பாதை. எந்த இடத்தில் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கம்பு நட்டு ஒரு சிறு சிலுவை கட்டியிருந்தார்கள்.

செபம் நேசராணியின் வாசலில். பாய் விரித்து முப்பது பேர் போல இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார்கள். "மிஸ் வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் போனது. நேசராணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிறிய ஆள். கொழுந்துச் சாயம் ஏறிய விரல்கள். நாலாவது வாசல் சாத்தியிருந்தது. அதுதான் ஜொனி வீடு என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

செபம் முடிந்து சாப்பாடு போடுமுன் எழும்பி நின்றேன். எழுதிக்கொண்டு போன தாள் பையிலேயே கிடந்தது. வாயில் வந்தது என் ஊர்ப் பேச்சுத்தான்.

"துணி விரிக்க வேண்டாம், சுண்ணாம்புதான் போட வேணும் எண்டு கப்பல்காரர் எழுதி அனுப்பினவை. அதை நான் ஜொனிக்குச் சொல்லேல்ல. சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லேல்ல. பிறகு நீங்கள் சொல்லுக் கேக்கேல்ல எண்டு எழுதியும் குடுத்தனான். பிழை என்னில."

 ஒரு பிள்ளை எதற்கோ சிரித்தது, யாரோ அதட்டினார்கள்.

நேசராணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தத் தாளு அன்னைக்கு ஒங்க கையிலதான் இருந்துச்சா?"

"ஓம். மேசையில இருந்தது."

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு பீங்கானில் சோறு போட்டு, கோழிக்கறி ஊற்றி, இன்னொரு பீங்கானால் மூடிக்கொண்டு வந்தாள். எனக்குத்தானோ என்று கை நீளப் பார்த்தது. என்னைக் கடந்து, வாசற்படியிறங்கி, நாலாவது வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, தொறங்க. சோறு ஆறுது."

கதவு திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவளுடைய அழுகை கேட்டது, முதல்முறையாக. பாயில் இருந்த ஒரு பெண் எழும்பிப் போனாள். பிறகு இன்னும் இருவர். பிறகு ஆண்கள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் பார்க்கவுமில்லை.

கடைசியில் வாசலில் நான் மட்டும் இருந்தேன். மேசையில் மெழுகுதிரியும் பிலிப்பின் படமும். காது கொஞ்சம் பெரிது, சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருக்கிறார், சிரிக்கவில்லை. அவருடைய முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.